இருபத்தெட்டு மில்லிமீட்டர்

பெட்டி எல்டொரெட் தபால் நிலையத்துக்கு வந்தபோது
சுங்கத் தாளில் 'பொம்மைகள், நாற்பது' என்றிருந்தது.
எந்த வயதுக் குழந்தைக்கு என்று கேட்டார் குமாஸ்தா.
நாற்பத்தாறு என்றேன்.

நாற்பது நாந்தி வீரர்கள்,
பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி வருடம்,
ஆளுக்கு இருபத்தெட்டு மில்லிமீட்டர்.
மொத்தம் நான்கே முகம்.
நான்கிலும் வாய் கிழியத் திறந்திருந்தது.
இங்கிலாந்தில் யாரோ ஒருவர், பாவம்,
நாங்கள் கத்தாத நேரத்தைக் கற்பனை செய்ய முடியாமல்
அச்சை மூடியிருக்கிறார்.

நான் பல் கட்டிப் பிழைப்பவள், ஜெபிவோட்.
அன்றிரவே முப்பத்தொன்பது வாய்களை மூடினேன்.
பல்மெழுகு, விளக்கில் காய்ச்சிய சிறுகத்தி,
பொய் ஈறுக்கென வைத்திருக்கும் அக்ரிலிக்கில் ஒரு சிட்டிகை.
ஒருவன் கீழுதட்டைக் கடித்துக்கொண்டான்.
ஒருவனுக்குக் கடன்காரனைக் கண்ட முகம்.
நாற்பதாமவனைத் தொட்டதும் அலறல் கொட்டாவியாயிற்று.
இருக்கட்டும்.
விடியலுக்கு முன் எழுப்பப்பட்டவன்தானே.

வண்ணப் புட்டியில் 'கருந்தோல்' என்று ஒரே பழுப்பு.
வெள்ளைக்கே பதினாறு வகை வைத்திருக்கும் தொழில் என்னுடையது;
புகைப்பவனுக்கு ஒரு வெள்ளை,
சொத்தைக்குப் பக்கத்தில் நிற்க ஒரு வெள்ளை.
எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மட்டும் ஐந்து பழுப்பு உண்டு.
தேநீர், செங்கல் தூள், அடுப்படிச் சுவர்,
மழைக்கு முன்னும் பின்னும் அதே மண்.
கலந்து கலந்து பதினொன்றில் வந்து நிறுத்தினேன்.

கேடயங்கள் தெற்கே எங்கோ வேறு மக்களுடையவை.
எறிந்துவிட்டுப் பால் பெட்டி அட்டையை வெட்டினேன்.
ஒன்றில் காலாவதித் தேதி தெரிகிறது;
அவனுக்குப் பின்வரிசை.

வார்ப்பு ஈட்டிகள் தொட்டாலே தலை குனிந்தன.
எங்கள் தெருவில் தொலைபேசி செத்து ஒன்பது வருடம்.
சுவரில் தொங்கிய கம்பியை நறுக்கி உரித்தேன்: செம்பு.
இப்படித்தான் அவர்களும்
தந்திக் கம்பத்தில் ஏறி, யாருடைய அவசரத்தையோ அறுத்து,
மணிக்கட்டில் சுற்றிக்கொண்டார்கள்.
வளையல் போதுமென்றுதான் சிலர் நினைத்திருப்பார்கள்.
செய்தி நின்றது உபரி.
எதிர்வீட்டுக் காவலாளி தல்லாம் கேட்டார், என்ன திருடுகிறாய்?
ஈட்டி, என்றேன்.

சனிக்கிழமை கிசுமுவிலிருந்து ஒசேவே வந்தார்,
ரயில்வேயில் கணக்கெழுதி ஓய்ந்தவர்,
மடியில் ஷூ டப்பாவோடு.
டப்பாவுக்குள் அறுபது துப்பாக்கி, ஒரு மாக்சிம்.
பச்சைப் போர்வையை விரித்தோம்; அடியில்
பழைய டெலிபோன் டைரக்டரிகள் மலைகளாயின.

விதிநூல், பக்கம் முப்பத்திரண்டு:
தலைவன் விழுந்தால் பழங்குடிப் படை பகடை உருட்ட வேண்டும்,
நான்குக்குக் கீழென்றால் ஓட்டம்.
துப்பாக்கிப் படைக்கு அப்படியொரு பக்கம் இல்லை.
விளையாட்டு, ஜெபி, என்றார் ஒசேவே
சர்க்கரையைக் கலக்கியபடி.
விளையாட்டுதான்.
அதனால்தான் தலைவனுக்கு இறகு வைக்கவில்லை நான்.
நாற்பதில் ஒருவனின் பாதத்தடியில்
பென்சிலால் ஒரு புள்ளி.

சிங்கப் பிடரி அணிந்தவர்களை முதலில் சுட்டார்.
பிறகு முன்னால் நின்றவர்களை.
பிறகு, யாருக்கு அதிகம் மெனக்கெட்டிருக்கிறேன் என்று
கண்ணாடியை ஏற்றிப் பார்த்துப் பார்த்து.

நான்காம் சுற்றில் மழை. மின்சாரம் போனது.
நிறுத்திக்கொள்வோம் என்றது ஒசேவேயின் குரல்.
இவர்கள் இருட்டில்தான் வருவார்கள், என்றேன்.
நான் மூடிய வாய்கள்;
விரலுக்குத் தெரியாதா?
ஒவ்வொருவனாய்த் தடவி எடுத்து நகர்த்தினேன்,
செம்பு நகக்கண்ணில் ஏற ஏற.

வெளிச்சம் வந்தபோது மாக்சிமைச் சுற்றி இருபத்தாறு பேர்.
அளவு நாடாவை எடுத்தார்.
ஆறு அங்குலம். ஆறு. ஆறு. ஐந்தே முக்கால்.
கணக்கர் அல்லவா, எல்லோரையும் அளந்தார்.
அப்புறம், செத்துக் கிடந்த பதின்மூன்று பேரையும் தூக்கி
அடியில் பார்த்தார்.
ஒன்றும் சொல்லாமல்
ஆறிப்போன தேநீரைக் குடித்தார்.

மலையடியில் இன்னும் ஒருவன்
கிளம்பவே இல்லை,
வாயைத் திறந்தபடி.